புத்தகத்தில் பையன், படத்தில் அப்பா

கேள்வி, ஜனவரி 6

‘பொன்னியின் செல்வன்’ இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு, ஐந்து பாகம் நாவலையும் இப்போதுதான் முடித்தேன். மணிமேகலையைக் காணோம். சேந்தன் அமுதன் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. எந்தத் தமிழ்ப் படமாவது மூலக்கதைக்கு நியாயம் செய்திருக்கிறதா? என் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

ஜனவரி 6, இரவு

ஒன்றுகூட இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘உதிரிப்பூக்கள்’ இருக்கிறது, ‘தில்லானா மோகனாம்பாள்’ இருக்கிறது. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

மணிமேகலை போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அது 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்த கதை. இரண்டு படத்தையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். விடுபட்டதை எண்ண ஆரம்பித்தால் எந்தப் படமும் தேறாது.

எனக்கு இடித்தது வேறு இடம். நாவல் ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. குதிரையில் வருகிற வாலிபன் வந்தியத்தேவனுக்குத் தான் கொண்டுபோகிற ஓலையைத் தவிர ஒன்றும் தெரியாது. கடம்பூர் மாளிகையில் நடுராத்திரி ஒளிந்திருந்து கேட்கும்போதுதான் சோழ நாட்டில் சதி நடப்பதே அவனுக்குத் தெரிகிறது. நமக்கும் அப்போதுதான். அவன் மாட்டிக்கொண்டு, பொய் சொல்லி, தப்பித்து ஓடித் தெரிந்துகொள்வதைத்தான் பெரும்பாலும் நாமும் தெரிந்துகொள்கிறோம். படமோ ராஷ்டிரகூடர்களோடு நடக்கிற போரில், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனை வைத்துத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஏரிக்கரைக்கு வருகிற வந்தியத்தேவனைவிட நமக்கு அதிகம் தெரியும். கதை அவன் கையை விட்டுப் போய்விடுகிறது.

மணிமேகலையைவிட இது பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 7

ராத்திரி எழுதியதைப் படித்தால் படத்தில் நஷ்டம் மட்டும்தான் என்பதுபோல் தொனிக்கிறது. அப்படி இல்லை. நாவலில் கரிகாலனைப் பெரும்பாலும் மற்றவர்கள் பார்த்துப் பயப்படுகிற மனிதனாகத்தான் நான் படித்தேன். எப்போது வெடிப்பானோ என்று எல்லோரும் ஓரடி தள்ளி நிற்பார்கள். படத்தில் விக்ரம் அந்த மனிதனுக்குள்ளே நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார். கதையை வந்தியத்தேவனிடமிருந்து எடுத்ததால்தான் கரிகாலனுக்குக் கொடுக்க முடிந்தது.

அதற்கு ஒரு விலை உண்டு. கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை. அதே மாளிகையில் இருந்த வந்தியத்தேவனுக்கே முழுசாகத் தெரியாது, பழி மட்டும் அவன் தலையில் விழுகிறது. காட்டுமன்னார்கோவில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானவர்களின் பெயரைச் சொல்கிறது. கல்கி அதை வைத்துக்கொண்டே, அந்த அறையில் அந்த நிமிடம் நடந்ததை மட்டும் இருட்டில் விட்டுவிட்டார். படம் நந்தினியையும் கரிகாலனையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டிவிடுகிறது. அவ்வளவு நேரம் கரிகாலனின் மனதுக்குள் இருந்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் கதவைச் சாத்த முடியாது, அது புரிகிறது. ஆனால் நாவலை மூடிவிட்டு யார், யார் என்று வீட்டில் மாறிமாறிப் பேசினோமே, அந்தப் பேச்சு படத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் நடக்கவில்லை.

ஜனவரி 9

அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த தொகுதிகளில் படித்தவர் அவர். நூல் தளர்ந்து, ஓரம் பழுப்பேறி இன்னும் பரணில் இருக்கின்றன. அவருக்கு வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்த வந்தியத்தேவன். கார்த்தி வந்து நின்ற முதல் காட்சியில் “இவன் இல்லை” என்றார். குந்தவையோடு பேசுகிற இடம் வந்ததும் “சரி, இவனும்தான்” என்றார். கந்தமாறனிடம் மட்டும் படத்திலும் அவருக்குக் கோபம் தணியவில்லை.

இதை யோசித்துப் பார்க்க வேண்டும். தொடர்கதை படித்த தலைமுறை வெறும் எழுத்தை மட்டும் படிக்கவில்லை. மணியம், கோபுலு மாதிரி ஓவியர்கள் ஒவ்வொரு வாரமும் முகம் கொடுத்தார்கள், உடை கொடுத்தார்கள், நிற்கிற விதத்தைக் கொடுத்தார்கள். படம் வந்தபோது அது மோதியது எழுத்தோடு மட்டும் அல்ல, அந்த ஓவியங்களோடும். பதிப்பகப் புத்தகத்தில், படமே இல்லாத பக்கங்களில் படித்த என் வயதுக்காரர்கள் கார்த்தியைச் சுலபமாக ஏற்றுக்கொண்டதற்கு அது ஒரு காரணம்.

ஜனவரி 10

சேந்தன் அமுதன் பற்றி இன்னொன்று. நாவலில் கடைசியில் அருள்மொழி மகுடத்தைச் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான். பூக்கட்டி, தேவாரம் பாடிக்கொண்டிருந்த பையன்தான் உண்மையான உத்தம சோழன் என்று தெரியவந்த பிறகு. படத்தில் அந்த ஆள்மாறாட்டமே கிடையாது, மதுராந்தகனே மகுடம் சூடுகிறான். ஆசையே இல்லாதவனுக்கு விட்டுக்கொடுப்பதும், இத்தனை நாள் அதற்காகவே அலைந்தவனுக்கு விட்டுக்கொடுப்பதும் ஒன்றா? இரண்டாவதுதான் கஷ்டம். இந்த ஓரிடத்தில் படத்தின் முடிவுதான் எனக்குக் கனமாகப் பட்டது. நாவல்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

ஜனவரி 10, பின்னிரவு

வந்துவிட்டார்கள். “கல்கியைத் திருத்த மணிரத்னம் யார்?” என்று ஒருவர். மூலம் அப்படியே அலமாரியில் இருக்கிறது, ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. படம் வந்த வருடம் எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சியில் அந்த ஐந்து பாகத்தைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள்.

ஜனவரி 14

போகிக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். கோவில்பட்டி தாண்டினாலே கரிசல்தான், பூமணியின் ‘வெக்கை’ ஞாபகம் வராமல் இருக்காது. நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

‘வெக்கை’ 1982-இல் வந்தது. பதினைந்து வயதுப் பையன் வடக்கூரானை வெட்டிவிடுகிறான். கையைத் துண்டாக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான், கொலையாகிவிட்டது. நாவல் அங்கேதான் தொடங்குகிறது. நிலத்தை விற்க மறுத்ததில் தொடங்கிய பகை, அதில் அண்ணன் பலியானது, எல்லாம் பின்னால் பேச்சோடு பேச்சாக வரும். அப்புறம் அப்பாவும் மகனும் தலைமறைவாக அலைகிற எட்டு நாள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பறித்துத் தின்னலாம், எந்த நேரத்தில் புகை போட்டால் வெளியே தெரியாது என்று நாவல் நிதானமாகப் போகும். கொலை செய்துவிட்டு ஓடுகிற கதை என்று நினைத்து எடுத்தவர்களுக்கு முதல் முப்பது பக்கத்தில் குழப்பமாக இருக்கும். கொலையைவிட ஓடையும் மரமும் பறவையும்தான் அதிகம். நாம் பார்ப்பதெல்லாம் பையன் பார்ப்பதுதான். வீட்டில் அம்மா என்ன பாடு படுகிறாள், போலீஸ் யாரையெல்லாம் பிடித்து அடிக்கிறது என்பதெல்லாம் அவன் காதுக்கு வந்து சேரும்போதுதான் நமக்குத் தெரியும்.

அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ 2019 அக்டோபரில் வந்தது. ஓட்டம் அதேதான், அப்பாவும் மகனும்தான். ஆனால் கதை அப்பா சிவசாமியினுடையதாக ஆகிவிட்டது. மகன் அவரைக் கோழை என்று நினைக்கிறான், குடிகாரர் என்று வெறுக்கிறான். நடுவில் ஒரு முழு இளமைக் கதை: மாரியம்மாள், செருப்பு, பஞ்சமி நிலம், எரிகிற குடிசைகள். அது நாவலில் இல்லை, வெற்றிமாறன் சேர்த்தது. நாவலில் மகனுக்கு அப்பாமேல் அந்த இளக்காரம் கிடையாது. இரண்டு பேரும் சேக்காளிகள் மாதிரி பேசிக்கொண்டு போவார்கள். அதைத்தான் நான் அதில் மிகவும் நேசிக்கிறேன். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையை ஒரு வார்த்தை கடியாமல், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி பார்க்கிற அப்பா.

தனுஷ் நடிக்கிறார் என்றால் கதை அவர் பக்கம்தான் சாயும், அது வியாபாரம். அதை ஒரு குறையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியவில்லை. நாவலில் யார் எந்தச் சாதி என்று வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. பையனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை, அவன் அதற்குள்ளேயே வளர்ந்தவன். அதனால் பூமணியும் விளக்கவில்லை. அப்பாவின் கண்ணில் கதை சொல்லும்போது முந்தைய தலைமுறை வருகிறது, நிலம் எப்படிப் பறிபோனது என்பது வருகிறது, பெயரோடு வருகிறது. நாவல் சொல்லாமல் உணர்த்தியதைப் படம் உரக்கச் சொன்னது. தியேட்டரில் செருப்புக் காட்சிக்கு என் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். இடைவேளைக்குப் பிறகு திரும்பி வந்து முழுதும் பார்த்தார். புத்தகம் அவர் கைக்குப் போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஜனவரி 15

பொங்கல் வைத்து முடித்துவிட்டு இன்னொரு விஷயம் ஞாபகம் வந்தது. ‘அசுரன்’ டிவியில் ஓடியபோது அத்தையும் நானும் சேர்ந்து பார்த்தோம். நாவல் வாசிக்கிற பழக்கம் இல்லாதவர். எல்லோரும் தனுஷைப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை பாதியில் சொன்னது: “அந்தப் பிள்ளைய கொஞ்ச நேரம் தூங்க விடுங்கப்பா. கண்ணப் பாரு, செவந்து கெடக்கு.” அவர் கண் முழுதும் பையன்மேல்தான் இருந்தது. படிக்காமலேயே ‘வெக்கை’யைப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. படம் எவ்வளவு திருப்பினாலும் மகனாக நடித்த கென் கருணாஸ் முகத்தில் அது மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

ஜனவரி 16

ஒருவர் கேட்கிறார்: அந்தக் குடிசை எரிப்பு கீழ்வெண்மணிதானே, அதைக் கரிசலுக்குக் கொண்டுவருவது சரியா? 1968 டிசம்பர் 25, கீழத்தஞ்சை, குடிசையோடு எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். படத்தைப் பார்க்கிற யாருக்கும் அது நினைவுக்கு வராமல் போகாது. ஆனால் அந்த ஊரை அந்த ஊராகவே வைத்து எழுதியும் எடுத்தும் இருக்கிறார்கள். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’, அதை வைத்து ஸ்ரீதர் ராஜன் எடுத்த ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983). ‘அசுர’னில் அது வேறு மண்ணில் ஒரு மனிதனின் ஞாபகமாக வருகிறது. எனக்கு அது உறுத்தவில்லை. டெல்டாவில் வயலோடு வளர்ந்தவர்களுக்கு உறுத்தலாம், அவர்கள் சொல்லட்டும்.

ஜனவரி 21

வெற்றிமாறன் பேச்சு வந்ததால் ‘விசாரணை’.

கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதியது ‘லாக்கப்’. 1983-இல் குண்டூர்ப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய், செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடித்த கதை. படத்தின் முதல் பாதி அதுதான். இரண்டாம் பாதி, சென்னைக்கு வந்த பிறகு ஆடிட்டர் விஷயத்தில் இவர்கள் மாட்டிக்கொள்வது, படத்துக்காக எழுதியது.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது. ‘லாக்கப்’பை எவ்வளவு பயத்தோடு படித்தாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம் இருக்கும். “நான்” என்று சொல்கிறவர் எழுதியிருக்கிறார், ஆகவே உயிரோடு வந்துவிட்டார். அடிபடுகிற பக்கங்களில் நான் அட்டையைத் திருப்பி அவர் பெயரைப் பார்த்துக்கொண்டேன், நிஜமாகவே. படத்தில் அந்தப் பிடிமானம் கிடையாது. சென்னைக்கு வந்து மாட்டிக்கொள்கிறவர்களில் கடைசியில் ஒருவரும் மிஞ்சுவதில்லை. நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை, நமக்கு மட்டும் தெரியும். அரங்கிலிருந்து வெளியே வரும்போது அதுதான் கனத்தது.

உண்மையில் பிழைத்தவரின் கதையில் அவர்களைக் கொன்றது நியாயமா என்று ஒரு நண்பர் என்னோடு வெகு நேரம் வாதாடினார். பிழைக்காதவர்களின் கதையை யாரும் புத்தகமாக எழுத முடியாது, அதைப் படம்தான் செய்தது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிழைத்து வந்து எழுதியவனின் வெற்றியை அது பறித்துவிட்டது என்றார். அவர் சொன்னதையும் என்னால் தள்ள முடியவில்லை.

ஜனவரி 22

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். ‘லாக்கப்’பில் அடிக்கு நடுவில் இவர்கள் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்கிற இடங்கள்தான் எனக்கு அதிகம் தங்கின. படத்தில் அடி தங்குகிறது. திரையில் லத்தி விழும்போது வேறு எதையும் கவனிக்க முடிவதில்லை. புத்தகத்தில் அப்படி இல்லை, அடியைத் தாண்டிப் பக்கத்தில் கிடப்பவனின் முகத்துக்குப் போய்விட முடியும்.

ஜனவரி 28

‘உதிரிப்பூக்கள்’ எங்கே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

முதல் பதிவைப் போட்டவருக்கு நேரடியான பதில் இந்தப் படம். மூலம் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. மகேந்திரன் 1979-இல் எடுத்தார். கணக்கெடுத்தால் கிட்டத்தட்ட எதுவும் ஒத்துப்போகாது. குறுநாவலில் சுந்தரவடிவேலு சென்னையில் பேராசிரியர், குஞ்சுவும் ராஜாவும் தாயை இழந்த குழந்தைகள், மரகதம் இரண்டாவதாக வந்தவள். படத்தில் ஒரு கிராமம். அதே சுந்தரவடிவேலு என்ற பெயரில் விஜயன், ஆனால் ஊரே அஞ்சுகிற குரூரமானவர். மனைவி லட்சுமி உயிரோடு இருக்கிறாள், நம் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறாள். தலைப்பில் நிற்கிற சிற்றன்னை படத்தின் மையத்தில் இல்லவே இல்லை. கதையின் பாரம் முழுதும் அப்பாமேல் ஏறிவிட்டது.

அவ்வளவு மாற்றியும் புதுமைப்பித்தன் பெயரைப் படத்தில் போட்டார் மகேந்திரன். போடாமல் விட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. கதையையே தூக்கிக்கொண்டு பெயரை விட்டுவிடுகிறவர்கள் உள்ள தொழிலில் இது எவ்வளவு பெரிய நேர்மை என்று ஒவ்வொரு முறை அந்த எழுத்தைத் திரையில் பார்க்கும்போதும் நினைப்பேன்.

அப்புறம் ஏன் நியாயம் செய்த படம் என்கிறேன்? பெரியவர்கள் செய்வதன் பலனைக் குழந்தைகள் சுமப்பது. ‘சிற்றன்னை’யில் எனக்குள் தைத்தது அதுதான், படத்திலும் அதுவேதான் தைக்கிறது. ஊரே சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறது. அந்த மனிதன்மேல் நமக்கு இரக்கம் கிடையாது, ஊர் செய்வதும் சரியென்றே படுகிறது. அப்போது கேமரா அந்த இரண்டு பிள்ளைகளிடம் போகிறது. அசோக்குமார் பிடித்த அந்தக் கரையும் தண்ணீரும், இளையராஜா அங்கே அளவாக நிறுத்திக்கொண்டதும்… எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் பேசமாட்டேன், பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் பிடிக்காது.

படம் முழுதும் பெரியவர்கள் பக்கமே நின்றுவிட்டுக் கடைசியில் குழந்தைகள் உயரத்துக்கு இறங்குகிறது. புதுமைப்பித்தன் அந்த உயரத்தில்தான் தொடங்கியிருந்தார் என்பது என் வாசிப்பு.

ஜனவரி 28, மாலை

மகேந்திரன் பற்றி ஒரு சுவாரசியம். எம்.ஜி.ஆர். ‘பொன்னியின் செல்வ’னை உரிமை வாங்கி எடுக்க நினைத்தபோது திரைக்கதை எழுத வைத்தது இந்த மகேந்திரனைத்தான். அந்தப் படம் நடக்கவில்லை. நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். கடலளவு வசனமுள்ள கல்கியின் கதை, பின்னாளில் வசனத்தையே குறைத்துக் காட்டியவர் கையில்.

‘முள்ளும் மலரும்’ அவருடைய இன்னொரு புத்தகப் படம், உமாசந்திரன் நாவல். அதிலும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தன் வழியில் கட்டினார். விஞ்ச் ஓட்டுகிற காளியை ரஜினிக்கு முன்பு நாவலில் சந்தித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் படம் பார்த்துவிட்டுத்தான் படித்தேன், ஒரு வரிகூட ரஜினி குரல் இல்லாமல் படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 4

“எழுத்தாளரே திரைக்கதை எழுதினால் இந்தப் பிரச்சினை வராது” என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. சரி, ஜெயகாந்தனைப் பார்ப்போம்.

‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் விகடனில் வந்த சிறுகதை. மழையில் நின்ற கல்லூரிப் பெண், ஒரு கார், வீட்டுக்குத் திரும்பி அழுதுகொண்டு நிற்கிற மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்கிற அம்மா. ஊர் இரண்டுபட்டது. அப்புறம், அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கத்திக் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்று யோசித்து அவரே எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அந்தச் சிறுகதையை எழுதிய ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரை நாவலுக்குள்ளேயே ஒரு பாத்திரமாகவும் வைத்துவிட்டார். 1972-இல் சாகித்திய அகாதெமி. 1977-இல் படம்: இயக்கம் பீம்சிங், திரைக்கதை வசனம் ஜெயகாந்தன், பாடல்களும் அவரே. கங்காவாக லட்சுமி, தேசிய விருது வாங்கினார். பிரபுவாக ஸ்ரீகாந்த், ஆர்.கே.வி.யாக நாகேஷ்.

நாவலுக்கு இவ்வளவு நெருக்கமாக நின்ற தமிழ்ப் படங்கள் அபூர்வம். நல்ல படம், மிக நல்ல படம். ஆனால் நாவலில் என்னைப் பிடித்து ஆட்டிய ஒன்று அதில் இல்லை. நாவலில் கங்கா தனக்குள்ளே பேசுகிறவள். பஸ்ஸில், ஆபீஸில், இரவில், பக்கம் பக்கமாக. அம்மாவைப் பற்றி, வெங்கு மாமாவைப் பற்றி, தன்னைப் பற்றி. வெளியே சொல்ல ஒருவரும் இல்லாததால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு நீளம். படத்தில் அதே வாதங்களை அவள் எதிரே நிற்பவரிடம் சொல்கிறாள், அவர் பதில் சொல்கிறார். வார்த்தை அதேதான். அவளுடைய தனிமை குறைந்துவிட்டது.

எழுத்தாளரே உட்கார்ந்து எழுதியும் இதை மாற்ற முடியவில்லை பாருங்கள்.

பிப்ரவரி 5

நேற்றுப் படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். லட்சுமி பேசாமல் இருக்கிற இடங்கள் நான் நினைத்ததைவிட அதிகம். வெங்கு மாமா பேசப் பேச, அவர் கேட்டுக்கொண்டிருக்கிற முகம். வெறுப்பு, சலிப்பு, கொஞ்சம் பயம், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒரு மரியாதை. நாவலில் அரைப் பக்கம் போகிற இடம். நேற்று எழுதியதை முழுசாகத் திரும்ப வாங்க மாட்டேன், வசனம் வருகிற காட்சிகளுக்கு அது பொருந்தும். வசனம் இல்லாத காட்சிகளில் கங்கா நாவலில் இருந்த அளவுக்குத் தனியாகத்தான் இருக்கிறாள்.

நாவல் முழுதையும் ஜெயகாந்தனின் குரலிலேயே கேட்டுப் பழகிவிட்டோம் என்று என் நண்பர் சொல்வார். எல்லாப் பாத்திரமும் அவரை மாதிரியே வாதாடும் என்பது அவர் குறை. படத்தில் ஆளுக்கொரு தொண்டை இருப்பதால் அந்தக் குறை தெரியவில்லை. இதுவும் படத்துக்குக் கிடைத்த வரவு.

பிப்ரவரி 11

தொண்டை என்று எழுதியதும் இசைக்குப் போய்விட்டேன்.

‘தில்லானா மோகனாம்பாள்’ கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர், கோபுலு படங்களோடு. ஏ.பி. நாகராஜன் படம் 1968-இல். அம்மாவின் பரணில் இதுவும் உண்டு. நாவல் ஒரு பெரிய திருவிழா மாதிரி, ஊர் ஊராகப் போகும், கிளைக்கதை கிளையாக விரியும். படம் பாதிக்கு மேல் வெட்டிவிட்டது. ஆனாலும் இங்கே என் ஓட்டு படத்துக்குத்தான். சிக்கல் சண்முகசுந்தரம் எவ்வளவு பெரிய வித்வான் என்று சுப்பு எத்தனை பக்கம் எழுதினாலும் நாம் நம்பத்தான் வேண்டும். படத்தில் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் காதில் விழுகிறது, சிவாஜி கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், முடிந்தது. வைத்தியையும் ஜில் ஜில் ரமாமணியையும் நாகேஷும் மனோரமாவும் எடுத்துக்கொண்டு போனபிறகு நாவலில் அவர்களைத் தேடுவதே சிரமம்.

‘மோகமுள்’ளில் இது தலைகீழ். ஞான ராஜசேகரன் 1995-இல் எடுத்த படத்தில் நெடுமுடி வேணு, பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவாக வந்தார். அந்த உட்காருகிற தினுசு, அந்த அலட்சியம், அப்படியே கும்பகோணத்து மனிதர். இளையராஜா இசை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நாவலில் பாபு கேட்கிற சங்கீதத்தை நானும் அவன் காதால் கேட்டேன். அது எந்த ராகம், எந்தக் குரல் என்று எனக்குத் தெரியாது. அவன் உடம்பில் அது என்ன செய்தது என்று தி. ஜானகிராமன் எழுதியிருந்தார், அது போதும். படத்தில் நிஜமான பாட்டு வந்ததும், நன்றாக இருக்கிறது என்று என் காதால் கேட்டு ரசித்தேன். பாபு எங்கேயோ போய்விட்டான்.

சண்முகசுந்தரத்தை நாம் சபையில் உட்கார்ந்து, வெளியே இருந்துதான் கேட்க வேண்டும். பாபுவுக்கு நாம் உள்ளே இருந்தாக வேண்டும். அதுதான் வித்தியாசம் என்று இப்போதைக்குப் படுகிறது.

பிப்ரவரி 12

சுஜாதாவை ஏன் விட்டுவிட்டேன் என்று நாலு பேர். லண்டனில் நடக்கிற ‘ப்ரியா’வைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். இடம் மாறியதைவிட, வாக்கியத்துக்கு வாக்கியம் அவர் செய்கிற சேட்டை திரைக்கு வராததுதான் எனக்கு ஏமாற்றம். அது கதையில் இல்லை, கதை சொல்கிற நடையில் இருக்கிறது. யார் எடுத்தாலும் கடினம்தான்.

பிப்ரவரி 18

முதலில் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: “எதை முதலில் பார்ப்பது, எதை முதலில் படிப்பது?”

எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை கிடையாது. ‘வெக்கை’யை முதலில் படியுங்கள். படம் பார்த்துவிட்டுப் போனால் அப்பாவைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள், பையன் கண்ணில் படமாட்டான். பேச்சுவழக்கு கரிசல்காட்டுத் தமிழ், முதல் இருபது பக்கம் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் ஓடிவிடும். ‘உதிரிப்பூக்கள்’ படத்தை முதலில் பாருங்கள், ‘சிற்றன்னை’ ஒரே உட்காரலில் முடிகிற அளவுதான், அன்றே படித்துவிடலாம். ‘லாக்கப்’ படித்த சூட்டோடு ‘விசாரணை’ பார்க்காதீர்கள், மனது தாங்காது, கொஞ்ச நாள் விடுங்கள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எந்த வரிசையிலும் சரி, ஆனால் ‘அக்கினிப் பிரவேசம்’ கண்டிப்பாக முதலில். அது இல்லாமல் ஆர்.கே.வி. யார் என்றே புரியாது.

‘பொன்னியின் செல்வன்’ இரண்டையும் நீங்கள் முடித்துவிட்டீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி. படத்தை முதலில் பார்த்துவிட்டுப் படித்தீர்களே, கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கிற அத்தியாயத்தில் உங்களுக்குத் திக்கென்று இருந்ததா, இல்லை என்ன பேசப்போகிறார்கள் என்று முன்பே தெரிந்துதான் படித்தீர்களா? நான் எழுதிக்கொண்டிருப்பது சரியா என்பது அதில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20

பதில் வந்திருக்கிறது. “தெரிந்துதான் படித்தேன், ஆனாலும் அவன் மாட்டிக்கொள்வானோ என்று பயமாக இருந்தது” என்கிறார்.

சதி தெரிந்த பிறகும் பயம் மிச்சம் இருக்கிறது என்றால், நமக்கு எவ்வளவு தெரியும் என்பதை மட்டும் வைத்து நான் பேசியது பாதிதான். யார் பக்கத்தில் நிற்கிறோம் என்பது இன்னொரு பாதி. படம் கொடுத்த தகவலைக் கையில் வைத்துக்கொண்டே அவர் வந்தியத்தேவன் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். அத்தை ‘அசுர’னில் பையன் பக்கம் போனதும் இதே மாதிரிதான். ‘அசுர’னை இன்னொரு முறை இந்த எண்ணத்தோடு பார்க்க வேண்டும். இந்தத் தடவை சிவசாமியை விட்டுவிட்டுப் பையனை மட்டும் தொடரப் போகிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.